சீனக்குடாவில் இறங்கும் கோதுமையும் நம் வீட்டு ரொட்டியும்



விடியற்காலையில் ரொட்டி சுடாத வீடு நமது லயங்களில் அநேகமாக இல்லை. மலைக்குப் போகிற அம்மாவுக்கும் அதுதான், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அதுதான். ஒரு கட்டச் சம்பல் இருந்தால் போதும், பகல் வரைக்கும் பசி தாங்கும். சோறு ஆக்க நேரம் இல்லாத வீட்டுக்கு ரொட்டியே துணை. ஆனால் அந்த ரொட்டிக்குரிய மா எங்கிருந்து வருகிறது, அதன் விலை ஏன் திடீர் திடீரென்று ஏறுகிறது என்று நாம் யோசித்துப் பார்ப்பது குறைவு.

"நம்ம நாட்டுல கோதுமையே விளையலியே, காலநிலை மாறுது, கோதுமை கெடுதுன்னு நமக்கு எதுக்குங்க ஐயா இந்தக் கதை?" என்று சிலர் கேட்கலாம். இங்கே விளையாத காரணத்தினால்தான் இந்தக் கதை நமக்கு வேண்டியிருக்கிறது. விளைகிற நாட்டில் மழை பொய்த்தால் அந்த நாட்டுக்காரன் முதலில் தன் வீட்டுக்கு எடுத்து வைத்துக்கொள்வான். மிஞ்சினால்தான் நமக்குக் கப்பல் வரும்.

திருகோணமலைக்கு வரும் கப்பல்

கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. திருகோணமலைத் துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. மலைகள் சூழ்ந்து காற்றுக்கும் அலைக்கும் மறைவாக இருப்பதால் பெரிய கப்பல்கள் உள்ளே வரை வந்து நிற்கும். அந்தத் துறைமுகத்தில் சீனக்குடாப் பக்கம் உயரமான களஞ்சியங்களுடன் நிற்பதுதான் பிரிமா மா ஆலை. சிங்கப்பூர் நிறுவனமான பிரிமாவுக்கும் இலங்கை அரசாங்கத்துக்கும் 1977ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஆகி, 1980ஆம் ஆண்டு ஆலை வேலை தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் பெரிய மா ஆலைகளில் இதுவும் ஒன்று. கொழும்புத் துறைமுகத்திலும் பின்னாளில் இன்னொரு ஆலை வந்தது.

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, ரஷ்யா, உக்ரேன், இந்தியா என்று காலத்துக்கும் விலைக்கும் ஏற்ப வெவ்வேறு நாடுகளிலிருந்து கோதுமை வந்திருக்கிறது. சாதாரண ஆண்டுகளில் பத்து இலட்சம் தொன்னுக்கும் மேலாக இலங்கை வாங்குகிறது. கப்பலில் வந்த மணியைச் சுத்தம் செய்து, சிறிது நீர் சேர்த்துப் பதப்படுத்தி, இரும்பு உருளைகளில் உடைத்துச் சலிக்கிறார்கள். 100 கிலோ கோதுமையில் ஏறக்குறைய 75 கிலோ வெள்ளை மா கிடைக்கும். மிச்சம் தவிடாக மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மா மூட்டையாகி, லொறியேறி, நம்ம ஊர்க் கடைக்கு வந்து சேருகிறது.

இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை வந்தாலும் ரொட்டிக்குத் தட்டுப்பாடுதான். வயலில் வெயில் கூடலாம். கப்பல் போகிற கடலில் யுத்தம் வரலாம். கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாமல் போகலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மண் சரிந்து வீதிகளும் ரயில் பாதைகளும் துண்டாகிப் போனதை நாம் கண்டோம். துறைமுகத்தில் மா இருந்தாலும் அந்த நாட்களில் அது மேலே ஏறி வர முடியாது.

ரொட்டி நமக்கு எப்படி வந்தது?

கோதுமை மா நம்முடைய ஆதி உணவு அல்ல. இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் அரிசியும் கேழ்வரகும் தின்றவர்கள். கேழ்வரகைத்தான் இங்கே குரக்கன் என்கிறோம். இரண்டாம் உலக யுத்தத்தில், 1942ஆம் ஆண்டு, ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா பங்கீட்டில் வந்தது. அப்படி வந்த மா திரும்பிப் போகவே இல்லை. பிறகு அமெரிக்க உதவியாகவும் மா வந்தது. தோட்டங்களில் அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் இருந்தது நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதே பெரியவர்கள் 1973, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றியும் சொல்லுவார்கள். அந்தப் பஞ்சத்தின் ஒரு வேர் நம் நாட்டில் இல்லை, தூர தேசத்தில் இருந்தது. 1972ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் வரட்சியினால் விளைச்சல் கெட்டது. அந்நாடு அமெரிக்காவிடமிருந்து பெருந்தொகையான கோதுமையை ஒரே மூச்சில் வாங்கியது. உலகச் சந்தையில் கோதுமை விலை 1974 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய மூன்று மடங்கானது. எண்ணெய் விலையும் ஏறியது. இலங்கையிடம் பணம் இல்லை. பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. கிராமத்து மக்களுக்கு ஒரு துண்டு வயலோ தோட்டமோ இருந்தது. நமக்கு அதுவும் இல்லை. தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் நாட்டின் மற்ற இடங்களைவிட மிகவும் கூடியதை அரசாங்கக் கணக்குகளே காட்டின. எங்கோ ரஷ்யாவில் மழை பெய்யாததற்கு நம்ம லயத்துப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

வெயில் கோதுமையை என்ன செய்கிறது?

தேயிலைக்கு மழையும் வெயிலும் மாறி மாறி வேண்டும் என்பது நமக்குத் தெரியும். காய்ச்சல் காலத்தில் கொழுந்து அடங்கிப்போகிறது, பேர் குறைகிறது. கோதுமைக்கும் ஒரு குணம் உண்டு. அது குளிர்காலப் பயிர். வட இந்தியாவில் பஞ்சாப், ஹரியானாப் பக்கம் நவம்பர் மாதத்தை ஒட்டி விதைப்பார்கள். குளிரில் கிளைத்து வளரும். பெப்ரவரியில் கதிர் வந்து, மார்ச்சில் மணி பால் பிடித்துத் திரளும். ஏப்ரலில் அறுவடை.

மணி திரளுகிற அந்தச் சில வாரங்கள்தான் முக்கியம். அப்போது வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து அடித்தால், பயிர் அவசரப்பட்டுப் பழுத்துவிடும். மணிக்குள் மாச்சத்து நிரம்ப நேரம் கிடைக்காது. மணி சிறுத்துச் சுருங்கிப்போகும். வெளியே பார்த்தால் கதிர் கதிராகத்தான் தெரியும், நிறுத்துப் பார்த்தால் பாரம் இருக்காது. இரவு வெப்பம் கூடினாலும் கெடுதிதான். பகலில் பயிர் சேர்த்து வைத்த சத்தை இரவில் அதுவே செலவழித்துவிடும்.

பூமியின் சராசரி வெப்பம் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இருந்ததைவிட ஒரு பாகைக்கும் மேலாக ஏற்கெனவே கூடிவிட்டது. நிலக்கரி, எண்ணெய் எரிப்பதால் வரும் புகைவாயு பூமிக்குப் போர்வை போர்த்தியது போல வெப்பத்தைப் பிடித்து வைப்பதே இதற்குக் காரணம். வெப்பம் ஒவ்வொரு பாகை கூடும்போதும் உலகக் கோதுமை விளைச்சல் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து செய்து 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. "ஆறு சதவீதம் தானே?" என்று நினைக்கக் கூடாது. உலகம் முழுவதும் சிறிது குறைந்தாலே விற்பனைக்கு வரும் கோதுமை பெரிதும் குறைந்து, விலை தாவிவிடும்.

வெப்பத்தோடு நோயும் வருகிறது. 2016ஆம் ஆண்டு பங்களாதேஷில் கோதுமையைத் தாக்கும் கருகல் நோய் ஆசியாவிலேயே முதன்முறையாகத் தோன்றிப் பல மாவட்டங்களில் கதிரை வெளுக்க வைத்தது. சூடும் ஈரமும் சேர்ந்த காற்று இந்த நோய்க்குப் பிடித்தமானது.

அண்மையில் நடந்தவை

2010ஆம் ஆண்டு கோடையில் ரஷ்யாவில் கடும் வெப்பமும் வரட்சியும் வந்து காடுகள் பற்றி எரிந்தன. ஆகஸ்ட் 15ஆம் திகதி முதல் ரஷ்யா தானிய ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தையில் விலை தாவியது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் வரட்சி. கோதுமை ஏற்றுமதிக்குப் பேர்போன அந்த நாடே 2019இல் கனடாவிலிருந்து கோதுமை வரவழைத்தது. 2021இல் கனடாவிலேயே பெரும் வரட்சி.

பிறகு வந்தது 2022. பெப்ரவரி மாதம் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. இரண்டும் கோதுமை விற்கிற நாடுகள். கருங்கடலில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. "இந்தியா இருக்கே, அங்கேயிருந்து வாங்கலாம்" என்று பல நாடுகள் எதிர்பார்த்தன. ஆனால் அந்த மார்ச் மாதம், 1901இல் கணக்கு எடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்தியாவில் பதிவான மிக வெப்பமான மார்ச் மாதமாக அமைந்தது. மணி திரளும் நேரத்தில் வெயில் அடித்தது. 111 மில்லியன் தொன் விளையும் என்றிருந்த மதிப்பீட்டை இந்திய அரசாங்கம் 106 மில்லியன் தொன் அளவுக்குக் குறைத்தது. மே 13ஆம் திகதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

அதே நேரம் இலங்கையில் டொலர் தீர்ந்துபோயிருந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டது. தூரத்து வெயிலும், தூரத்து யுத்தமும், உள்நாட்டு நெருக்கடியும் ஒன்றாகச் சேர்ந்து நம் தலையில் விழுந்தன. ஒரு கிலோ மா முன்பிருந்த விலையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலானது. "ரெண்டு ரொட்டிய நாலு பேருக்குப் பிச்சுக் குடுத்தோம்" என்று தாய்மார் சொன்னதைக் கேட்டோம். பிள்ளைகள் பலர் காலைச் சாப்பாடில்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள், சிலர் போகாமலே நின்றார்கள். ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் எடுத்த கணிப்புகளிலும், நகரம், கிராமம், தோட்டம் ஆகிய மூன்றில் தோட்டப்புறமே மிகவும் பாதிக்கப்பட்டது தெரிந்தது.

விவசாயிகள் என்ன செய்கிறார்கள்?

கோதுமை விளைவிக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

முதலாவது, நேரத்தோடு விதைத்தல். வட இந்தியாவில் அக்டோபர் கடைசியிலேயே விதைத்தால் மார்ச் வெயில் வருமுன் மணி திரண்டுவிடும். ஆனால் நெல் அறுத்த வயலைச் சுத்தம் செய்து உழுவதற்கே மூன்று கிழமை போய்விடும். இதற்காக "ஹெப்பி சீடர்" என்ற இயந்திரம் வந்திருக்கிறது. அது உழாமலே, நெல் வைக்கோலை எரிக்காமலே, அதனூடாக விதையைப் போட்டுவிடும். வைக்கோல் மூடாக்காகக் கிடந்து மண்ணைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும். தேயிலைக் கன்றுக்கு நாம் மானாப்புல் வெட்டி மூடாக்குப் போடுகிறோமே, அதே முறைதான்.

இரண்டாவது, வெயில் தாங்கும் இனங்கள். மெக்சிக்கோவில் உள்ள பன்னாட்டுச் சோளம், கோதுமை ஆராய்ச்சி நிலையமும், ஹரியானாவில் கர்னாலில் உள்ள இந்திய நிலையமும் இந்த வேலையைச் செய்கின்றன. 1960களில் நோர்மன் போர்லாக் மெக்சிக்கோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமையை இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 1966ஆம் ஆண்டு 18,000 தொன் விதை கப்பலில் வந்தது. அன்று விளைச்சலைக் கூட்ட இனம் தேடினார்கள். இன்று விளைச்சல் குறையாமல் காக்க இனம் தேடுகிறார்கள். பங்களாதேஷில் கருகல் நோயைத் தாங்கும் இனம் ஒன்றை 2017ஆம் ஆண்டிலேயே விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள்.

இதில் நமக்கு நெருங்கிய இடம் ஒன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் நம் உறவினர் பலர் போய்ச் சேர்ந்த நீலகிரியில், குன்னூருக்கு அருகே வெலிங்டனில், கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துரு நோய் என்று கோதுமைக்கு ஒரு பொல்லாத நோய் உண்டு. மலைக் குளிரில் அது வருடம் முழுவதும் உயிரோடிருக்கும். ஆகவே புதிய இனங்களை அங்கே நட்டுப் பார்த்து, எது நோய்க்குத் தாக்குப்பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். தேயிலை மலையின் நடுவில் நடக்கிற இந்தச் சோதனையால் வடநாட்டு வயல் காப்பாற்றப்படுகிறது.

மூன்றாவது, தண்ணீரைச் சேமித்தல். மணி திரளும் நேரத்தில் இலேசாக ஒரு தண்ணீர் விட்டால் பயிரின் சூடு தணியும். அவுஸ்திரேலியாவில் பழைய தாளை வயலிலேயே விட்டு மழை ஈரத்தை மண்ணில் பிடித்து வைக்கிறார்கள்.

இவை எல்லாம் பயன் தருகின்றன. ஆயினும் வெப்பம் மேலும் மேலும் கூடினால் எந்த இனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எனவே மா விலை இனியும் ஏறி இறங்கும் என்று எண்ணி நடப்பதே புத்தி.

நாம் என்ன செய்யலாம்?

ரொட்டியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரே மாவை நம்பி நிற்கிற நிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம்.

1. மாவோடு கிழங்கு சேருங்கள். ஒரு கிலோ மாவில் சுடுகிற ரொட்டியை முக்கால் கிலோ மாவிலும் சுடலாம். அவித்து மசித்த வத்தாளங்கிழங்கு, மரவள்ளி, உருளைக்கிழங்கு இவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி மெதுவாகவும் இருக்கும். தண்ணீர் குறைவாக விட்டுப் பிசைய வேண்டும். மரவள்ளியைத் தோல் சீவி, வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, மூடாமல் நன்றாக அவிக்க வேண்டும். கறுத்துப் போனதையும் கசப்பானதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

2. கிழமையில் இரண்டு நாள் குரக்கன். குரக்கன் மா விலை கூடத்தான். அதனால் மூன்றில் ஒரு பங்கு குரக்கன், இரண்டு பங்கு கோதுமை என்று கலந்தால் போதும். வெள்ளை மாவில் தவிட்டோடு போய்விடுகிற நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குரக்கனில் உண்டு. வரண்ட நிலத்தில் மழையை நம்பி நம் நாட்டிலேயே விளைகிற தானியம் அது. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

3. பலாவை வீணாக்காதீர்கள். தாழ்ந்த, நடுத்தர உயரத் தோட்டங்களில் பருவத்தில் பலாக்காயும் ஈரப்பலாவும் விழுந்து அழுகுகின்றன. பலாக்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். மழைக் காலத்தில் அவித்துக் கொடுக்கலாம்.

4. வீட்டோரத்தில் நடுங்கள். கீழ்ப் பகுதிகளில் மரவள்ளி, வத்தாளை, வாழை. குளிர்ப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா, கீரை. இடத்தைப் பற்றித் தோட்ட அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வடிகானை மறித்தோ, மண்மேட்டை வெட்டியோ ஒருபோதும் பாத்தி போடாதீர்கள். மண்சரிவுக்கு நாமே வழி வெட்டியதாகிவிடும்.

5. மாவைச் சரியாக வையுங்கள். விலை ஏறப்போகிறது என்று கேட்டவுடன் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவது நல்லதல்ல. நம்ம மலைக் குளிரில் மா ஈரம் பிடித்துப் பூசணம் பூக்கும், வண்டு விழும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மூடியுள்ள தகர டின்னில், தரையில் வைக்காமல், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். பழைய மா தீர்ந்த பிறகே புது மாவைக் கொட்டுங்கள். ஆனால் மழைக் காலம் தொடங்குமுன் ஒரு கிழமைக்குரிய மா, அரிசி, பருப்பு கூடுதலாக இருப்பது நல்லது. வீதி மூடினால் அது கைகொடுக்கும்.

6. ரொட்டியோடு துணை உணவு. மா வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. பருப்பு, கௌப்பி, பாசிப்பயறு, நெத்தலிக் கருவாடு, முட்டை, கீரை இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே தேத்தண்ணீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரத்தக் குறைவுள்ள தாய்மாரும் பெண்பிள்ளைகளும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

7. சேர்ந்து வாங்குங்கள். ஒரு லயத்தில் பத்துக் குடும்பம் சேர்ந்து கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் மாதத்துக்கு ஒருமுறை மாவும் தானியமும் எடுத்தால் விலையும் குறையும், கடனுக்கு வாங்கும் பழக்கமும் குறையும். மாதர் சங்கங்கள் இதை முன்னின்று செய்யலாம்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. கிழங்கு நடுவதும் பாத்தி கொத்துவதும் பெண்களின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். காலை முதல் கூடை சுமந்தவர்களுக்கு மாலையில் மண்வெட்டியையும் கொடுப்பது நியாயமாகாது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். மார்ச் மாதத்து வெயிலை நம்மால் தடுக்க முடியாது. சீனக்குடாவுக்கு எந்தக் கப்பல் எப்போது வரும் என்பதும் நம் கையில் இல்லை. வீட்டுப் பின்புறத்தில் பத்து மரவள்ளித் தடி ஊன்றுவது நம் கையில்தான் இருக்கிறது. இந்த மழை தொடங்கும்போதே ஊன்றுங்கள். குளிர்ப் பகுதிக்காரர் ஒரு பாத்தி உருளைக்கிழங்கு போடுங்கள். விதைத் தடியும் விதைக் கிழங்கும் கிடைக்காதவர்கள் தோட்ட நலன்புரி அலுவலகத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். உள்ளவர்களிடம் கேட்டுப் பகிர்ந்துகொள்ள ஒழுங்கு செய்வோம்.